ஜீப்பில் ஐம்பது லிட்டர் தண்ணீர்



சில வாரங்களாக ஆராதனை முடிந்து வெளியே வரும்போது உங்களில் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். சபை ஜீப்பின் பின்புறத்தில் புதிதாக ஒரு குழாய் முளைத்திருக்கிறதே, அது எதற்கு என்பதே அக்கேள்வி. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் கேட்பதோடு நிற்கவில்லை, திறந்தும் பார்த்துவிட்டார்கள். ஆலய வாசலில் உண்டான சேற்றைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டே மூப்பர் ஒருவர், "ஐயா, இது ஜீப்பா, தண்ணி லாரியா?" என்றார். அன்று சிரித்துச் சமாளித்தேன். இந்த வாரச் சிந்தனையிலே முழுப் பதிலையும் எழுதிவிடுகிறேன். சபைப் பணத்திலிருந்து இதற்காக ஒரு ரூபாயும் எடுக்கப்படவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். நம் பொருளாளர் நிம்மதியாக மேற்கொண்டு வாசிக்கலாம்.

மாதந்தோறும் இரண்டாம் வெள்ளிக்கிழமை நாங்கள் ஜவ்வாது மலைக்குச் செல்வதை நீங்கள் அறிவீர்கள். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் வரை தார்ச்சாலை உண்டு. அதற்கு அப்பால் நம் பதினொரு குடும்பங்கள் வாழும் சிற்றூருக்கு மண்பாதைதான். மழைக்காலத்திலே நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் வண்டியைத் தவிர வேறொன்றும் அதில் ஏறாது. நம் சபையின் ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர் தம்முடைய பழைய மகிந்திரா ஜீப்பை ஊழியத்திற்கென்று கொடுத்ததால்தான் பன்னிரண்டு ஆண்டுகளாக அவ்வூருக்குத் தவறாமல் போய் வருகிறோம்.

அங்கே செல்லும்போதெல்லாம் நாங்கள் தங்கியுண்பது ஒரு மூதாட்டியின் வீட்டில். சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் ஆக்கிப்போடுவார். உண்ணுமுன் கை கழுவுவோம். உண்டபின் கை கழுவுவோம். பாதையின் புழுதியில் நடந்த கால்களைத் திண்ணை ஓரத்தில் நின்று நன்றாக அலசுவோம். வாலிபர்கள் இருவர் முகமும் கழுவித் தலையையும் நனைத்துக்கொள்வார்கள். மறுநாள் காலையில் ஆறு பேர் பல் துலக்குவோம். நீர் எங்கிருந்து வருகிறதென்று பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருநாளும் நான் கேட்டதில்லை. வாசலில் குடங்கள் நிறைந்திருக்கும்; எங்களுக்கு அதுவே போதுமானதாயிருந்தது.

சென்ற ஆண்டு ஏப்ரல் மாதம், பாட்டியின் பேத்தி திண்ணையருகே உட்கார்ந்திருந்தாள். ஏழாம் வகுப்புப் பிள்ளை. பேச்சுக்காக, "இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல என்ன பாடம் நடந்தது?" என்று கேட்டேன். "இன்னைக்குப் போகலைங்க ஐயா" என்றாள். ஏன் என்றேன். "நீங்க வர்ற நாளாச்சே. தண்ணி எடுக்கணும்ல?" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. மழை வந்தால் குடை எடுக்க வேண்டும் என்பதைப்போல் இயல்பாகச் சொன்னாள். கோடையில் ஊர்க்கிணறு வற்றிவிடுவதால் சரிவிறங்கிப் போய்ச் சுனையில் ஊறுவதைத் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு மொண்டு நிரப்ப வேண்டும். ஒரு குடத்திற்குப் போகவர ஒரு மணிநேரம். அன்று அவள் நான்கு முறை சென்று வந்திருந்தாள். நான் வந்த சற்று நேரத்திற்குள் என் கால்களுக்கு மட்டும் அவற்றில் அரைக்குடத்தை ஊற்றியிருப்பேன்.

அவ்வூரில் கைப்பம்பு இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. 'இந்தியா மார்க் 2' என்னும் வகை அது. நம் நாட்டுக் கிராமங்களில் காணும் கைப்பம்புகளில் மிகுதியானவை அவ்வகையே. முன்னே ஒரு வீட்டுக்கென்று செய்யப்பட்ட வார்ப்பிரும்புப் பம்புகளை ஊர்ப் பொதுவில் நட்டபோது, நாள் முழுவதும் அடிபட்டு அவை உடைந்துபோயின. மகாராஷ்டிரத்தின் வறண்ட பகுதிகளான ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் மிஷன் பணியாளர்கள் அதற்கு மாற்றாக உறுதியான பம்பைச் செய்து பார்த்தார்கள். அந்த அடிப்படையின்மேல்தான் 1970-களில் யூனிசெஃப் உதவியோடு மார்க் 2 உருவாகி, சென்னையிலிருந்த ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் ஆலையில் செய்யப்பட்டது. அருளுரையும் ஆழ்துளைக் கிணறும் ஒரே ஊழியம் என்று நம்பியவர்கள் இருந்தார்கள் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருகிற செய்தி. ஆனாலும் எத்தனை சிறந்த பம்பாயினும் நிலத்தில் இல்லாத நீரை மேலே கொண்டுவர இயலாதே. கோடையில் அந்தக் கைப்பிடியைப் பிடித்து ஆட்டினால் காற்றுதான் வரும்.

அன்றிரவு மலையிறங்கும்போது 2 சாமுவேல் 23-ஆம் அதிகாரம் என்னை விடவில்லை. தாவீது அரணான இடத்தில் ஒளிந்திருக்கிறார். பெத்லகேம் பெலிஸ்தரின் கையில் இருக்கிறது. ஊர்வாசலில் உள்ள கிணற்றின் நீரைக் குடிக்க வேண்டும் என்ற ஆசையை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார். மூன்று வீரர்கள் எதிரியின் பாளயத்தை ஊடுருவிப் போய் அதை மொண்டு வருகிறார்கள். தாவீதோ அதைக் குடிக்க மறுத்துக் கர்த்தருக்கென்று ஊற்றிவிடுகிறார். அது அந்த மனிதரின் உயிருக்குச் சமம் என்று எண்ணுகிறார். இந்தப் பகுதியின்மேல் நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் ஒரு பெண்பிள்ளையின் ஒருநாள் பள்ளிப்படிப்பை என் பாதங்களின்மேல் ஊற்றிக்கொண்டிருந்தேன் என்பது அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதுதான் உறைத்தது. இனி நமக்கு வேண்டிய தண்ணீரை நாமே கொண்டுபோவது என்று அங்கேயே முடிவுசெய்தேன்.

முடிவு எளிதாயிருந்தது, செயல் அப்படியில்லை. முதலில் இருபது லிட்டர் கேன்கள் இரண்டை வாங்கிப் பின்னால் வைத்தோம். முதல் மேட்டிலேயே ஒன்று உருண்டுவந்து நம் உபதேசியாரின் முழங்காலைப் பதம் பார்த்தது. மற்றொன்று மூடி திறந்து ஆர்மோனியப் பெட்டியை நனைத்தது. அடுத்து, கூரைமேல் ஒரு பிளாஸ்டிக் தொட்டியைக் கட்டிவிட்டால் பம்பு இல்லாமலே தண்ணீர் இறங்கும் என்று ஒருவர் யோசனை சொன்னார். வீட்டு மாடியில் அப்படித்தானே இருக்கிறது என்று எனக்கும் தோன்றியது.

நம் ஜீப்பைப் பார்க்கும் மெக்கானிக் பாயிடம் போனேன். என்னைவிடச் சற்று மூத்தவர். நான் பாதிரியார் அல்ல, போதகர் என்று எத்தனை முறை சொன்னாலும் "ஃபாதர்" என்றே அழைப்பார். கூரைத் தொட்டி என்றதும் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். "வீடு ஆடாது ஃபாதர். வண்டி ஆடும். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. ஐம்பது லிட்டர்னா ஒரு ஆளைக் கூரைமேல உக்கார வச்சு ஓட்டுற மாதிரி. அதுவும் சும்மா உக்கார்ற ஆள் இல்ல, வளைவுல அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடுற ஆள். சரிவுல ஒரு சக்கரம் பள்ளத்துல இறங்குச்சுன்னா வண்டியோட சேர்ந்து கவுந்துருவீங்க" என்றார். பாரம் எவ்வளவு தாழ இருக்கிறதோ அவ்வளவுக்கு வண்டி நிலைநிற்கும். முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் நடுவே இருந்தால் இன்னும் நல்லது.

ஆகவே முன்னிருக்கைகளின் பின்னால், தளத்தோடு ஒட்டி, குறுக்காக ஒரு தொட்டி அமைப்பதென்று முடிவாயிற்று. மூன்றடி நீளம், பதினொரு அங்குல அகலம், எட்டு அங்குல உயரம். கணக்கிட்டால் ஐம்பது லிட்டருக்குச் சற்று மேல் வரும். ஓட்டல்களுக்குப் பாத்திரம் செய்யும் பட்டறையில் எவர்சில்வர் தகட்டைக் கொண்டு அதைச் செய்வித்தோம். சாதாரண இரும்பு துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் தொட்டி எடை குறைந்தது. ஆனால் எங்கள் பாதையின் குலுக்கலில் அதைப் பிணைத்திருக்கும் இடங்களில் வெடிப்பு விடும் என்று பாய் சொல்லிவிட்டார்.

தொட்டிக்குள்ளே துளையிட்ட இரண்டு தடுப்புத் தகடுகள் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உண்மையில் முழுவதும் நிறைந்த தொட்டியைவிடப் பாதி நிறைந்த தொட்டியே வண்டிக்கு ஆபத்தானது. நிறைந்த நீர் அசைய இடமின்றி நிற்கும், பாதி நீர் ஒவ்வொரு வளைவிலும் ஒருபக்கமாய் ஓடிப்போய் மோதும். தகடுகள் அந்த ஓட்டத்தை முறிக்கின்றன. துளைகள் வழியே நீர் மெல்ல மெல்லத்தான் நகரும். சாலையில் காணும் பெரிய டேங்கர் லாரிகளுக்குள்ளும் இவ்வாறே தடுப்புகள் உண்டாம்.

மேற்புறத்தில் ஒரு காற்றுக்குழாய் வைக்க வேண்டும் என்பதும் எனக்குப் புதிது. நீர் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வர வழியில்லாவிட்டால் நீர் வருவது தடுமாறி நின்றுவிடும். அந்தக் குழாயை மேலே உயர்த்தி வளைத்து, வாயில் மெல்லிய கம்பிவலை கட்டியிருக்கிறோம். குலுக்கலில் நீர் சிந்தாமலும் தூசியும் பூச்சியும் நுழையாமலும் இருக்க அது வேண்டும். அடியில் ஒரு வடிகால் அடைப்பானும் உண்டு. திரும்பி வந்ததும் மீதி நீரைக் கீழே விட்டுத் தொட்டியை உலரவைக்க வேண்டும்.

பம்பு 12 வோல்ட்டில் ஓடுவது. நிமிடத்திற்கு நான்கு லிட்டர் தரும். வயலில் மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயருக்குள் இருக்கும் பம்பும் இதே இனந்தான். பட்டறையில் ஒரு தம்பி, "என்கிட்ட பழைய ஸ்பிரேயர் ஒண்ணு கிடக்கு, அதைக் கழற்றி மாட்டிடலாம், செலவே இல்லை" என்றான். பாய் அவனைப் பார்த்த பார்வையிலே அந்தப் பேச்சு முடிந்தது. பூச்சிமருந்து ஓடிய பம்பை எத்தனை முறை கழுவினாலும் குடிநீருக்கு ஆகாது. புதிய பம்பு வாங்கினோம். பச்சை நிறத் தோட்டக் குழாயையும் தவிர்த்தோம். அதில் நின்ற நீர் பிளாஸ்டிக் வாடை அடிக்கும். உணவுக்குரிய தரமுள்ள, ஒளி புகாத குழாயே போட்டோம். ஒளி புகுந்தால் பாசி பிடிக்கும். பேட்டரியின் அருகிலேயே ஒரு ஃபியூஸ், பம்புக்கு முன்னால் ஒரு சல்லடை, கடைசியில் பிள்ளைகள் திறந்துபார்த்த அந்தக் குழாய்.

வண்டியின் அமைப்பை நம் விருப்பப்படி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. இராயனுடையதை இராயனுக்குச் செலுத்தச் சொல்லுகிற நான் அதை மீறலாகாது. எனவே சேசிஸிலோ உடலிலோ வெட்டாமல், ஏற்கெனவே இருந்த துளைகளில் நான்கு போல்ட்டுகளால் மட்டும் தொட்டியைப் பிணைத்திருக்கிறோம். அரைமணி நேரத்தில் கழற்றிவிடலாம்.

எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 14,000 ரூபாய் ஆயிற்று. என் மனைவியும் நானும் அவ்வாண்டு சென்னைக்குப் போவதாயிருந்த பயணத்தை விட்டுவிட்டோம். பாய் கூலி வாங்கவில்லை. வற்புறுத்தியபோது, "தண்ணி வேலைக்குக் கூலி வேணாம் ஃபாதர்" என்றார். பிறகு கிளாம்பை முறுக்கியபடியே, ஹாஜிரா அம்மையார் குழந்தை இஸ்மாயிலுக்காகத் தண்ணீர் தேடி ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே ஏழுமுறை ஓடியதையும், ஸம்ஸம் ஊற்று பொங்கியதையும் சொன்னார். துருத்தியில் தண்ணீர் செலவழிந்துபோனபின் பிள்ளையைச் செடியின்கீழ் விட்டுவிட்டு எட்டப்போய் அழுத ஆகாரைப்பற்றி ஆதியாகமம் 21-இல் நாம் வாசிக்கிறோமே, அந்தத் தாய்தான். கிரீசு மணக்கும் அப்பட்டறையில் அவர் சொல்லக் கேட்டபோது, அது நான் அறிந்த கதையென்றே தோன்றவில்லை, அவ்வளவு புதிதாயிருந்தது.

முதல் பயணத்திற்குமுன் பிளீச்சிங் பவுடர் கரைசலை நிரப்பி ஓர் இரவு வைத்து, மூன்றுமுறை அலசி, புது நீர் பிடித்தோம். மலை ஏறினோம். கை கழுவினோம், கால் கழுவினோம். பாட்டியின் குடங்கள் வாசலில் அசையாமல் நின்றன. அந்தப் பெண்பிள்ளை பள்ளிச்சீருடையில் மாலையில் வந்தாள். என் உள்ளம் எத்தனை பெருமிதம் கொண்டது என்று சொல்லவும் வெட்கமாயிருக்கிறது. அன்று மாலைக் கூட்டத்தில் தாவீதைப்பற்றியே பேசினேன்.

நான் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், பாதையின் அதிர்வில் தளர்ந்துபோன ஒரு கிளாம்ப் வெளியே கழன்றுவிட்டது. அந்தப் பம்பு குழாயில் அழுத்தம் குறைந்தால் தானே ஓடத்தொடங்கும். அழுத்தம் ஏறினால் தானே நிற்கும். குழாய் கழன்றால் அழுத்தம் ஏறுவதேது? ஓடிக்கொண்டே இருந்தது. நாங்கள் உள்ளே கஞ்சிராவும் கைத்தாளமுமாகப் பாடிக்கொண்டிருந்தோம்; ஒன்றும் கேட்கவில்லை.

ஜெபம் முடிந்து வெளியே வந்தபோது ஜீப்பின் அடியில் மண் கருத்துக் கிடந்தது. பாட்டி அங்கே குந்தியிருந்தார். பக்கத்தில் இரண்டு குடங்கள் நிறைந்திருந்தன. கூட்டத்திற்குத் தாமதமாய் வந்தவர் சத்தத்தைக் கேட்டுப் பார்த்து, எப்படி நிறுத்துவதென்று தெரியாமல் வீட்டுக்கு ஓடிக் குடங்களைக் கொண்டுவந்து ஏந்தியிருக்கிறார். "இவ்வளவுதான் புடிக்க முடிஞ்சுது ஐயா. மிச்சம் மண்ணுல போயிருச்சு" என்று, தாம் குற்றம் செய்தவர்போல் சொன்னார். "ஏன் பாட்டி, என்னைக் கூப்பிட்டிருக்கலாமே" என்றேன். "ஜெபத்துல இருக்கீங்களே, எப்படிக் கூப்புடுறது?" என்றார்.

ஏற்கெனவே மூப்படைந்திருந்த பேட்டரி அந்த மூன்றுமணி நேர ஓட்டத்தில் ஓய்ந்துவிட்டது. மறுநாள் காலையில் ஊரார் எட்டுப்பேர் தள்ளித்தான் வண்டி கிளம்பியது. இப்போது ஓட்டுநர் இருக்கையருகே ஒரு சுவிட்ச் இருக்கிறது. நீர் வேண்டும்போது மட்டும் போடுவோம். ஒவ்வொரு கிளாம்பும் இரட்டையாக இருக்கிறது. பழுதைப் பாய் ஒருமணி நேரத்தில் சரிசெய்துவிட்டார்.

அவர் சரிசெய்ய முடியாத வேறொரு பழுது அடுத்த மாதம் தெரியவந்தது.

பாட்டி வழக்கம்போல் ஒரு சொம்புத் தண்ணீரோடு வாசலுக்கு வந்தார். நான் கையை உயர்த்தி, "வேண்டாம் பாட்டி, வண்டியில இருக்கு. உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றேன். மனதார, அவருக்கு உதவியென்று எண்ணித்தான் சொன்னேன். அவர் சொம்போடு அப்படியே நின்றார். பிறகு, "ஏன் ஐயா, எங்க வூட்டுத் தண்ணி ஆகாதா?" என்று கேட்டார். நான் ஏதோ விளக்கம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று சோறு பரிமாறினார். ஆனால் எங்களோடு உட்கார்ந்து பேசவில்லை.

பிரியமானவர்களே, நம் நாட்டில் ஒருவர் வீட்டுத் தண்ணீரை மறுப்பதற்கு என்ன பொருள் இருந்துவந்திருக்கிறது என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. யார் கையில் வாங்கிக் குடிப்பது, யார் கையில் குடிக்கலாகாது என்று தலைமுறை தலைமுறையாகப் பிரித்து வைத்த மண் இது. அந்த மூதாட்டி தம் வாழ்நாளில் அந்த மறுப்பை எத்தனை வாசல்களில் கண்டிருப்பாரோ. சமவெளியிலிருந்து ஜீப்பில் வந்த போதகரும் சொந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து, அவருடையதைத் தொடாமல் திருப்பி அனுப்பினால் அவர் வேறென்ன நினைப்பார்?

அதற்குள்ளே இன்னொரு உண்மையும் ஒளிந்திருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் எனக்கு டைபாய்டு வந்து மூன்று வாரம் படுத்திருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். காய்ச்சாத தண்ணீரைக் குடிக்கவே கூடாதென்று மருத்துவர் கண்டிப்பாய்ச் சொன்னார். என் மனைவி அதைவிடக் கண்டிப்பு. அதன்பின் அவ்வூரில் சொம்பை வாங்கி உதட்டில் வைத்து, குடிப்பதுபோல் பாவனைசெய்து, அவர் திரும்பியதும் செடிக்கு ஊற்றி வந்தேன். ஒரு மணிநேரம் நடந்து கொண்டுவந்த நீரைச் செடிக்கு ஊற்றினேன். தொட்டி வந்தபின் அந்தப் பாவனை தேவைப்படவில்லை. 'உங்களுக்குச் சிரமம்' என்ற நல்ல காரணம் கிடைத்துவிட்டது. என் பலவீனத்தை அந்த எவர்சில்வர் தகட்டின் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அருளுரைக்கு வரிசைப்படி யோவான் 4-ஆம் அதிகாரம் வந்தது. கல்லூரியில் படித்த நாள்முதல் கிரேக்க மூலத்தோடு எத்தனையோ முறை பார்த்த பகுதி. யூதரும் சமாரியரும் சம்பந்தங்கலவாதிருந்தது, நண்பகல் வேளை, யாக்கோபின் கிணறு, ஜீவதண்ணீர் என்று எல்லாவற்றையும் விரித்துப் பேசியிருக்கிறேன். அந்தப் பெண் மிகச் சாதாரணமான ஒன்றையும் சுட்டிக்காட்டுகிறாள் என்பதில் மட்டும் நான் நின்றதில்லை. கிணறோ ஆழம், இவர் கையிலோ மொள்ள ஒரு பாத்திரமும் இல்லை. கலிலேயாவுக்கு நடந்துபோகிறவர்கள் ஒரு தோல் துரவும் கயிறும் எடுத்துச் செல்வது பெரிய காரியமல்ல. சீஷர்கள் உணவு வாங்க ஊருக்குள் போயிருந்தார்கள். ஒருவேளை பாத்திரம் அவர்களிடம் இருந்திருக்கலாம். எப்படியாயினும் நம் ஆண்டவர் கிணற்றருகே வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார், தாகமாயிருந்தார். அதை மறைக்கவில்லை. ஜீவதண்ணீரைப்பற்றி ஒரு சொல் பேசுமுன்னே, தமக்குக் குடிக்கக் கொஞ்சம் வேண்டும் என்று அவளிடம் கேட்டார். எவள் கையிலிருந்து வாங்கலாகாது என்று அவருடைய சனம் எண்ணியதோ, அவளிடமே கேட்டார்.

நானோ ஐம்பது லிட்டர் கொண்டுபோய் அந்த ஊர்வாசலில் நிறுத்தியிருந்தேன்.

அருளுரையை அன்று சரியாகச் செய்தேனா என்று எனக்குத் தெரியாது. நடுவில் நிறுத்தி நீர் குடித்ததை உங்களில் சிலர் கவனித்திருப்பீர்கள்.

தாவீது செய்ததும் தவறல்ல. பிறர் உழைப்பைத் தம் ஆசைக்காகக் குடிக்க அவர் மறுத்தார். ஆண்டவர் செய்ததோ கேட்டு வாங்கியது. இவ்விரண்டையும் எப்படிச் சேர்த்துப் பிடிப்பது என்று பல நாள் யோசித்தேன். தொட்டியைக் கழற்றிவிடலாமா என்றுகூட எண்ணினேன். என் மனைவிதான், "கால் கழுவுறதும் தாகத்துக்குக் குடிக்கிறதும் ஒண்ணாங்க? அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும். பாட்டிகிட்ட உண்மையைச் சொல்லுங்க" என்றாள். வேதாகமக் கல்லூரியில் இவளைப் பேராசிரியராக வைத்திருக்கலாம்.

அடுத்த முறை போனதும் முதலில் பாட்டியின் அடுப்படிக்கே சென்றேன். எனக்கு வந்த காய்ச்சலைப்பற்றியும், மருத்துவர் சொன்னதைப்பற்றியும், செடிக்கு ஊற்றியதைப்பற்றியும் சொன்னேன். கடைசியாகச் சொன்னதுதான் கடினமாயிருந்தது. அவர் சிரிக்கத் தொடங்கினார். "அதான் அந்தச் செவ்வந்தி மட்டும் கோடையிலயும் பூத்துச்சா?" என்றார். பிறகு, "காய்ச்சுன தண்ணிதான் வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சீரகம் போட்டுக் காய்ச்சித் தந்திருப்பேனே. அடுப்பு எரிஞ்சிக்கிட்டுத்தானே இருக்குது" என்று கடிந்துகொண்டார். நன்றாகவே கடிந்துகொண்டார், என் தாயார் போனபின் என்னை அப்படிக் கடிந்துகொண்டவர் எவருமில்லை.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். ஜீப்பில் ஒரு தொட்டியைப் பூட்டியதால் அவ்வூரின் தாகம் தீர்ந்துவிடவில்லை. நாங்கள் போகும் ஒரு நாளின் சுமை குறைந்தது. மற்ற நாட்களில் அவர்கள் சுனைக்கு நடந்துதான் போகிறார்கள். குழாய் இணைப்புக் கேட்டு ஊரார் எழுதிய மனுவை நம் வாலிபர்கள் படியெடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. இரண்டாம் முறை எழுதும் நாளில், கையெழுத்து நன்றாயிருக்கும் பிள்ளைகள் இருவர் எனக்கு வேண்டும்.

கடந்த வெள்ளிக்கிழமை போயிருந்தோம். ஜீப்பின் குழாயில் அனைவரும் கைகால் கழுவினோம். ஊர்ப்பிள்ளைகளும் வரிசையில் நின்று கழுவினார்கள். பின்பு திண்ணையில் அமர்ந்து, "பாட்டி, தாகமா இருக்கு, குடிக்கத் தண்ணி குடுங்க" என்றேன். வெதுவெதுப்பான சீரகத் தண்ணீரைச் சொம்பில் கொண்டுவந்தார். புகையும் மண்ணும் கலந்த ஒரு சுவை அதில் இருந்தது. முழுவதும் குடித்தேன்.

அதன்பின் அவர் ஒரு டம்ளரோடு ஜீப்பின் பின்னால் போனார். பேத்தி சுவிட்சைப் போட்டாள். குழாயைத் திறந்து பாதி டம்ளர் பிடித்து, வாயில் ஊற்றி, சற்றுநேரம் யோசித்தார்.

"சப்புன்னு இருக்குது ஐயா உங்க ஊர்த் தண்ணி" என்று சொல்லிவிட்டு, என் சொம்பை மறுபடியும் நிரப்ப உள்ளே போனார்.